62 கேள்விக்கு பதில் ரெடி, ஆனா முதல் இன்டர்வியூ போச்சு: ஒரு பிஹெச்டி அட்மிஷன் இன்டர்வியூ தயாரிப்போட முழு நிகழ்வு ஆய்வு

இது என் ஜூனியர் ஒருத்திக்கு நடந்தது. அவகிட்ட கேட்டுட்டு தான் எழுதுறேன், பேரும் யுனிவர்சிட்டி பேரும் மட்டும் போட வேணாம்னு சொன்னா, அதனால அது ரெண்டும் இதுல இருக்காது. மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு பிஹெச்டிக்கு அப்ளை பண்ணிருந்தா, 4 இடத்துல இருந்து இன்டர்வியூக்கு கூப்பிட்டிருந்தாங்க. முதல் இன்டர்வியூ சரியா போகல, பத்தே நாள்ல ரிஜெக்ட் மெயில் வந்துருச்சு. அடுத்ததுக்கு 26 நாள் இருந்துச்சு. அந்த 26 நாள்ல என்ன பண்ணோம், எது கை குடுத்துச்சு, எது குடுக்கல, அதை தான் எழுதுறேன். நான் போஸ்ட்டாக் (பிஹெச்டி முடிச்ச அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) பண்ணும்போது சில தடவை பேனல் பக்கம் உக்காந்திருக்கேன், நெஜமாவே உழைச்ச பசங்க இதே இடத்துல தடுமாறுறத பாத்துட்டு வெளிய வரும்போது மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும், அப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவும் முடியாது. அதனால இங்க சொல்றேன்.

முதல் இன்டர்வியூல நடந்தது

அவ தயாராகாம போனான்னு யாரும் சொல்ல முடியாது. "உங்கள பத்தி சொல்லுங்க"ல ஆரம்பிச்சு "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க" வரைக்கும் 62 கேள்வி, ஒவ்வொன்னுக்கும் முழுசா எழுதின பதில், மொத்தம் 41 பக்கம். அத ரெண்டு மாசமா தினமும் ராத்திரி படிச்சிருக்கா, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லி பாத்திருக்கா.

25 நிமிஷ வீடியோ கால், பேனல்ல 3 பேர். முதல் கேள்விக்கே கிட்டத்தட்ட 4 நிமிஷம் பேசிட்டா, ஏன்னா எழுதி வச்சது ஒன்றரை பக்கம், நடுவுல நிறுத்தினா அடுத்த வரி மறந்துரும்னு பயம். அப்புறம் ப்ராஜெக்ட் பத்தி கேட்டாங்க. நுரையீரல் எக்ஸ்ரே படத்த பாத்து ஒரு குறிப்பிட்ட நோய் இருக்கா இல்லையான்னு சொல்ற கம்ப்யூட்டர் மாடல், அக்யூரசி (100 படத்துல எத்தனைய சரியா சொல்லுதுங்கிறது) 94 சதவீதம், எஸ்ஓபியிலயும் (அப்ளிகேஷனோட அனுப்புற, ஏன் பிஹெச்டி பண்ணணும்னு எழுதுற கட்டுரை) அதையே போட்டிருந்தா. அந்த நம்பர சொன்ன உடனே பேனல்ல ஒருத்தர், "உங்க டேட்டால எத்தனை பேருக்கு நோய் இருக்கு?"ன்னு கேட்டார். "100க்கு 8". "சரி, எந்த படத்த காட்டினாலும் கண்ண மூடிட்டு நோய் இல்லைன்னே சொல்ற ஒரு மாடல் இருந்தா அதோட அக்யூரசி என்ன வரும்?"

அவ்ளோ தான். அமைதி. அப்புறம் அவ பேச ஆரம்பிச்சது தன்னோட மாடல்ல எத்தனை லேயர் இருக்குங்கிறத பத்தி, ஏன்னா 41 பக்கத்துல அந்த ப்ராஜெக்ட்ட பத்தி எழுதி வச்சிருந்த அடுத்த பத்தி அதுதான். கேட்டவர் தலைய ஆட்டிட்டு விட்டுட்டார். அதுக்கு மேல அந்த 25 நிமிஷம் எப்படி போச்சுன்னு அவளுக்கே சரியா ஞாபகம் இல்ல.

ஆனா அன்னைக்கு ராத்திரி அவ ஒரு நல்ல காரியம் பண்ணா. அழுது முடிச்சிட்டு, தூங்கறதுக்கு முன்னாடி, கேட்ட கேள்வி எல்லாத்தையும் ஞாபகம் இருக்கிற வரைக்கும் ஒரு தாள்ல எழுதி வச்சா. பேனல்கிட்ட கேக்காம கால ரெக்கார்ட் பண்றது தப்பு, அதனால இந்த மாதிரி உடனே எழுதி வைக்கிறது ஒன்னு தான் வழி, மறுநாள் காலைல பாதி மறந்து போயிரும். மொத்தம் 11 கேள்வி எழுதிருந்தா. அந்த ஒரு தாள் இல்லாம இந்த ஆய்வே கிடையாது.

எங்க தப்பு நடந்துச்சு

எனக்கு போன் பண்ணும்போது அவ சொன்ன காரணம் ரெண்டு. "அக்கா, என் இங்கிலீஷ் சரியில்ல." "அக்கா, எனக்கு டென்ஷன் தாங்கல." ரெண்டும் பொய் இல்ல தான். ஆனா நான் அதே கேள்விய போன்லயே கேட்டேன், கண்ண மூடிட்டு நோய் இல்லைன்னு சொல்ற மாடல். ஒரு அரை நிமிஷம் கூட ஆகல, "92, அக்கா... ஐயோ, அப்போ என்னோட 94ங்கிறது வெறும் 2 தான் கூட"ன்னா. பாருங்க, தெரியும் அவளுக்கு. தெரிஞ்ச விஷயம் அந்த நேரத்துல வெளிய வரல, ஏன்னா மண்டைக்குள்ள வேற ஒன்னு ஓடிட்டு இருந்துச்சு, எழுதி வச்ச அடுத்த வரி.

அந்த 11 கேள்விய எடுத்து வச்சு பாத்தோம். 7 கேள்வி "ஏன் அப்படி பண்ணீங்க", "வேற மாதிரி பண்ணிருந்தா என்ன ஆகும்", "எத வச்சு முடிவு பண்ணீங்க" ரகம். அவளோட 62ல அந்த ரகம் எத்தனைன்னு எண்ணினா 4. மீதி எல்லாம் என்ன பண்ணேன், என்ன வந்துச்சு, எனக்கு என்ன பிடிக்கும். அதாவது அவ முடிவுகள தயார் பண்ணிட்டு போயிருக்கா, அவங்க அந்த முடிவுக்கு வந்த யோசனைய கேட்டிருக்காங்க. இதான் என்னோட கணிப்பு, இன்னைக்கும் அதுல மாற்றம் இல்ல. பேனல்ல உக்காந்திருக்கவங்களுக்கு முன்னாடி உங்க மார்க் இருக்கு, எஸ்ஓபி இருக்கு, ரெக்கமண்டேஷன் லெட்டர் இருக்கு, அதையெல்லாம் திருப்பி வாய்ல சொல்றத கேக்க அவங்க நேரம் ஒதுக்கல. இந்த ஆளோட நாலஞ்சு வருஷம் ஒரே லேப்ல வேலை பாக்கணும், ஒரு விஷயம் தப்பா போகும்போது இவங்க எப்படி யோசிப்பாங்க, அத தெரிஞ்சுக்க தான் கூப்பிடுறாங்க.

இன்னொன்னு, அவ படிச்ச முறை. எழுதினத திரும்ப திரும்ப படிக்கிறது. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு க்ரூப் ஒரு கட்டுரைய நாலு தடவை படிச்சது, இன்னொரு க்ரூப் ஒரு தடவை மட்டும் படிச்சிட்டு மீதி மூணு தடவை பாக்காம ஞாபகப்படுத்தி எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா நாலு தடவை படிச்சவங்க தான் முன்னாடி இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப படிச்சவங்க 40 சதவீதம், ஞாபகப்படுத்தினவங்க 61. இத நான் அவகிட்ட சொன்னப்ப, "அதான் அக்கா, ராத்திரி படிக்கும்போது எல்லாம் வருது, காலைல காணோம்"னா. ரெண்டு மாசம் அப்படியே போயிருக்கு பாவம்.

26 நாள்

முதல் வேலை அந்த 41 பக்கத்த மூடி வச்சோம். அவளுக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நான் டெலீட் எல்லாம் பண்ண சொல்லல, திறக்காதன்னு மட்டும் சொன்னேன்.

அதுக்கு பதிலா ஒரே ஒரு தாள். ப்ராஜெக்ட்ல அவ எடுத்த முடிவு ஒவ்வொன்னையும் வரிசையா எழுதணும், பக்கத்துல மூணு விஷயம்: வேற என்ன வழி இருந்துச்சு, ஏன் இத எடுத்தேன், அந்த வேற வழில போயிருந்தா என்ன ஆயிருக்கும். 19 முடிவு வந்துச்சு. அதுல 5 முடிவுக்கு நேரா "கைடு சொன்னாங்க"ன்னு எழுதிருந்தா. இது எல்லாருக்கும் இருக்கும், வெக்கப்பட ஒன்னும் இல்ல, ஆனா கைடு ஏன் சொன்னாங்கன்னு தெரியாம இன்டர்வியூக்கு போகக்கூடாது. அவ கைடுகிட்டயே போய் கேட்டா, அவங்களும் பொறுமையா உக்காந்து ஒரு மணி நேரம் சொன்னாங்க, அந்த 5ல 4 அன்னைக்கே தெளிவாச்சு.

அஞ்சாவது தான் பெரிய விஷயம். டேட்டாவ ட்ரெய்ன் (மாடல் கத்துக்கிற படம்), டெஸ்ட் (அத சோதிக்கிற படம்)னு எப்படி பிரிச்சேங்கிறது. அவகிட்ட 4,000 சொச்சம் படம், ஆனா பேஷன்ட் 1,100 பேர் தான், ஒரே ஆளுக்கு மூணு நாலு படம் இருக்கும். இந்த ஃபீல்டுல இது சாதாரணம், 2017ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் வெளியிட்ட பெரிய நெஞ்சு எக்ஸ்ரே டேட்டாலயே 1,12,120 படம், ஆனா 30,805 பேஷன்ட் தான். அப்போ படத்த கலைச்சு போட்டு பிரிச்சா ஒரே ஆளோட ஒரு படம் ட்ரெய்ன்லயும் இன்னொரு படம் டெஸ்ட்லயும் போய் உக்காந்துரும், மாடல் நோய கத்துக்காம ஆள அடையாளம் கண்டுபிடிச்சிட்டு மார்க் வாங்கிரும். பேஷன்ட் வாரியா தான் பிரிக்கணும். அவ கோட திறந்து பாத்தா, படம் வாரியா பிரிச்சிருக்கு.

ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் வந்துச்சு, "அக்கா முடிஞ்சு போச்சு". நான் போன் பண்ணி, முதல்ல திருப்பி ஓட்டி பாரு, என்ன வருதுன்னு தெரியாம எதையும் முடிவு பண்ணாதன்னு சொன்னேன். பேஷன்ட் வாரியா பிரிச்சு ரெண்டு நாள் ஓட்டினா, ஏயூசி (நோய் இருக்கிறவங்களையும் இல்லாதவங்களையும் மாடல் எவ்ளோ நல்லா பிரிக்குதுங்கிற அளவு, 1 வந்தா முழுசா சரி, 0.5 வந்தா வெறும் குத்துமதிப்பு) முன்னாடி 0.89, இப்ப 0.81. அவளுக்கு அழுகை. எஸ்ஓபில பழைய பிரிப்புல வந்த அந்த 94 போயாச்சு, 3 இடத்துல அத வச்சு தான் கூப்பிட்டிருக்காங்க. "நானா சொல்ல வேணாம், அவங்களா கேட்டா மட்டும் சொல்லவா?"ன்னு கேட்டா.

இந்த இடத்துல நான் கொஞ்சம் உறுதியா இருந்தேன். கைடுக்கு அன்னைக்கே மெயில் போடு, இன்டர்வியூல ப்ராஜெக்ட்ட பத்தி பேச்சு வந்த உடனே நீயே முதல்ல சொல்லு, பழைய நம்பர உன் வாயால திரும்ப சொல்லாதன்னேன். காரணம் நேர்மை மட்டும் இல்ல, அது முதல் காரணம் தான், ஆனா இன்னொன்னும் இருக்கு: தன்னோட தப்ப தானே கண்டுபிடிச்சு, திருப்பி ஓட்டி, கம்மியான நம்பர கொண்டு வந்து வைக்கிற ஒரு மாணவிய விட வேற என்ன வேணும் ஒரு லேபுக்கு? நான் பேனல்ல இருந்தா அத கேட்ட நிமிஷமே நிமிந்து உக்காந்திருப்பேன். கைடு அன்னைக்கு சாயங்காலமே பதில் போட்டாங்க, நல்லதா போச்சு, இத தீசிஸ்லயும் மாத்திரலாம்னு.

அடுத்தது மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை. மொத்தம் 9 நடந்துச்சு. இங்க ஒரு விஷயத்த நான் வற்புறுத்தினேன், ஒரே ஃபீல்டுல இருக்கிற ஃப்ரெண்ட்ஸோட மட்டும் பண்ணாத. அவங்க பாதி சொன்ன உடனே "ம், புரியுது"ன்னு சொல்லிருவாங்க. 1990ல ஸ்டான்ஃபோர்ட்ல எலிசபெத் நியூட்டன்னு ஒருத்தங்க பண்ண ஆராய்ச்சி இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டோட தாளத்த மட்டும் ஒருத்தர் மேசைல தட்டணும், எதிர்ல இருக்கவர் என்ன பாட்டுன்னு சொல்லணும். தட்டினவங்க பாதிக்கு பாதி கண்டுபிடிச்சிருவாங்கன்னு நினைச்சாங்க, 120 பாட்டுல கண்டுபிடிச்சது 3 தான். தட்டுறவங்க மனசுக்குள்ள முழு பாட்டும் ஓடுது, கேக்குறவங்களுக்கு வெறும் டொக் டொக். ப்ராஜெக்ட்ட விளக்கும்போது அவளுக்கு அப்படியே அது தான் நடந்துச்சு. அதனால 9ல 3 பேர் அவ ஃபீல்டு, 3 பேர் பக்கத்து ஃபீல்டு (ஒருத்தர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அவர் தான் அதிகமா வறுத்தெடுத்தார்), 3 பேர் இதுக்கு சம்பந்தமே இல்லாதவங்க. எல்லாருக்கும் ஒரே விதி, நடுவுல மறிச்சு கேள்வி கேக்கணும், அதுவும் வாக்கியம் முடியறதுக்கு முன்னாடி. முதல் ரெண்டு மாக்ல மறிச்ச உடனே தடுமாறி மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சா. நாலாவதுல தான் மறிச்ச கேள்விக்கு பதில் சொல்லிட்டு விட்ட இடத்துக்கு திரும்பி வர ஆரம்பிச்சா.

"தெரியல" சொல்றதையும் தனியா பழகினோம். வெறும் தெரியலன்னு நிறுத்தினா கதவ சாத்தின மாதிரி ஆயிரும், தெரியாதத மறைச்சு சுத்தி வளைச்சா அது அவங்களுக்கு அஞ்சு செகண்ட்ல தெரிஞ்சிரும். அவ பிடிச்சுக்கிட்ட முறை என்னன்னா, இது எனக்கு தெரியாது, ஆனா இது வரைக்கும் தெரியும், கண்டுபிடிக்கணும்னா முதல்ல இத பாப்பேன். அப்புறம் பதில் சொல்றதுக்கு முன்னாடி யோசிக்க நேரம் எடுத்துக்கிறது, "ஒரு நிமிஷம் யோசிச்சுக்கிறேன்"னு வாய்விட்டு சொல்லிட்டு. வீடியோ கால்ல சும்மா அமைதியா இருந்தா லைன் போச்சோன்னு நினைப்பாங்க, அதனால சொல்லிட்டு யோசிக்கிறது முக்கியம்.

"உங்கள பத்தி சொல்லுங்க"வ 90 செகண்டுக்கு கொண்டு வந்தோம், எழுதாம. எந்த கேள்வி என்னைய இங்க கொண்டு வந்துச்சு, அதுக்கு என்ன பண்ணேன், அடுத்து ஏன் இந்த லேப், இந்த மூணு தான் ஆணி, வார்த்தை ஒவ்வொரு தடவையும் வேற வேற வரட்டும். ஒரு செமஸ்டர்ல மார்க் குறைஞ்சிருந்துச்சு, அதுக்கு மூணே வாக்கியம், என்ன நடந்துச்சு, என்ன மாத்தினேன், அடுத்த செமஸ்டர் என்ன வந்துச்சு, அதோட நிறுத்து, சாக்கு மாதிரி நீட்டாத.

ப்ரொஃபசரோட பேப்பர் படிக்கிறது பத்தி. முதல் தடவை அவ 12 பேப்பரோட அப்ஸ்ட்ராக்ட் (முதல்ல வர சுருக்கம்) மட்டும் படிச்சிருந்தா. இந்த தடவை பேனல்ல வர ஒவ்வொருத்தரோடதும் 2 பேப்பர், முழுசா, அதுல ஒரே ஒரு படத்த யார் கேட்டாலும் வரைஞ்சு விளக்குற அளவுக்கு. அதோட தன் வேலைய ஒட்டி இருக்கிற ஒரு முக்கியமான பேப்பரையும் ஆழமா படிச்சா, 2018ல வந்தது, மூணு மருத்துவமனை அமைப்போட எக்ஸ்ரேய வச்சு பண்ணது. ஒரு இடத்துல நல்லா வேலை செஞ்ச நிமோனியா மாடல் வெளி மருத்துவமனை படத்துல பல இடத்துல சறுக்கினத காட்டிருப்பாங்க, அதோட ஒரு எக்ஸ்ரே எந்த மருத்துவமனைல எடுத்ததுன்னு மாடலால 99.9 சதவீதத்துக்கு மேல சரியா சொல்ல முடிஞ்சுது. படத்தோட மூலைல டெக்னீஷியன் வைக்கிற இடது வலது காட்டுற உலோக எழுத்து கூட மாடலுக்கு துப்பு குடுத்திருக்கு. அவளோட தப்பும் இதுக்கு சொந்தக்காரன் தானே. அத படிச்ச அப்புறம் தான் அவ முகத்துல பயம் போய் ஆர்வம் வந்துச்சு, "அக்கா, என் மாடலும் அந்த எழுத்த பாக்குதான்னு செக் பண்ணவா?"ன்னு கேட்டா. இன்டர்வியூவ மறந்துட்டு அத பத்தி பேசினோம் அன்னைக்கு, ஒரு மணி நேரம்.

டென்ஷனுக்கு பெருசா ஒன்னும் பண்ணல. மாக் 9 ஆனதுல அதுவே பாதி குறைஞ்சிருச்சு.

மீதி மூணு இன்டர்வியூ

ரெண்டாவதுல ப்ராஜெக்ட் கேள்வி வந்த உடனே அவ சொன்னது: எஸ்ஓபில ஒரு நம்பர் போட்டிருந்தேன், போன மாசம் டேட்டா பிரிச்ச விதத்துல தப்பு இருக்கிறத கண்டுபிடிச்சேன், சரி பண்ண அப்புறம் ஏயூசி 0.81. பேனல்ல ஒருத்தர் உடனே, "இந்த 0.81 மட்டும் நிஜம்னு எப்படி சொல்றீங்க?"ன்னார். அவ ஒரு நிமிஷம் கேட்டுட்டு, இப்போதைக்கு சொல்ல முடியாது, வெளி டேட்டால ஓட்டி பாக்கணும், அதுக்கு முன்னாடி படத்தோட மூலைய மறைச்சிட்டு ஓட்டி நம்பர் குறையுதான்னு பாப்பேன்னா. மூலைய மறைச்சா வேற என்ன போகும்னு அவர் கேக்க, நுரையீரலோட ஒரு ஓரம் கூட போகலாம்னு இவ சொல்ல, அப்போ எவ்ளோ மறைப்பீங்கன்னு இன்னொருத்தர் கேக்க, கிட்டத்தட்ட 10 நிமிஷம் அதுலயே போயிருக்கு. வெளிய வந்து போன் பண்ணப்ப மூச்சு விடாம பேசினா, "அக்கா, இன்டர்வியூ மாதிரியே இல்ல அக்கா".

ஆனா அதுல ஒரு குறை. அந்த பேச்சுல நேரம் போயிருச்சு, அவ கேக்க வேண்டிய கேள்விக்கு நேரமே இல்ல. நாங்க தயார் பண்ணி வச்சிருந்தது, ஸ்டூடன்ட்ட எத்தனை நாளைக்கு ஒரு தடவை பாப்பாங்க, ஃபண்டிங் எத்தனை வருஷத்துக்கு உறுதி, முடிக்காம போனவங்க எத்தனை பேர், ஏன். ஒன்னும் கேக்காம வந்துட்டா. ரிசல்ட் வெயிட்லிஸ்ட், கடைசி வரைக்கும் சீட் வரல. நல்லா பண்ணாலும் சீட் இல்லைன்னா இல்ல தான், அத அவளுக்கு புரிய வைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

மூணாவதுல லைன் கட் ஆச்சு, நடு பதில்ல. இத நாங்க பழகவே இல்ல, என்னோட தப்பு அது. அவளாவே போன் நெட்ல மறுபடியும் உள்ள வந்து, "நான் டெஸ்ட் டேட்டா பத்தி சொல்லிட்டு இருந்தேன், அங்க இருந்து சொல்றேன்"னு தொடர்ந்திருக்கா. மாக்ல மறிச்சு மறிச்சு பழகினது இங்க தான் உதவுச்சுன்னு நினைக்கிறேன். கேள்வி கேக்கவும் 5 நிமிஷம் மிச்சம் வச்சா, இப்ப அங்க படிக்கிற ஸ்டூடன்ட் ரெண்டு பேர்கிட்ட தனியா பேசலாமான்னு கேட்டா, தாராளமான்னு சொல்லிட்டாங்க. நாலாவது இடம் ரிஜெக்ட், காரணம் சொல்லல, அந்த லேபோட வேலை இவ வேலைல இருந்து கொஞ்சம் தள்ளி தான் இருந்துச்சு.

மூணாவது இடத்துல இருந்து ஆஃபர் வந்துச்சு. உடனே சரின்னு சொல்லல. அந்த ரெண்டு ஸ்டூடன்ட்டுக்கும் போன் பண்ணி, ரெண்டாவது இன்டர்வியூல கேக்க முடியாம போன அதே கேள்விகள ஒவ்வொன்னா கேட்டா. வாரம் ஒரு மணி நேரம் ப்ரொஃபசர் தனியா உக்காந்து பேசுவாங்க, ஊருக்கு போனா கூட கால்ல வந்துருவாங்கன்னு ஒருத்தர் சொன்னார். முடிக்காம போனது ஒரே ஒருத்தர், அவரும் வேற வேலை பிடிச்சு போனவர், இப்பவும் லேப் க்ரூப்ல இருக்காருன்னு இன்னொருத்தங்க சொன்னாங்க. அந்த ரெண்டாவது கால் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் ஆஃபருக்கு சரின்னு மெயில் போட்டா.